கடும் குழுப்பயிற்சியின் மீது விழுந்த பழி

2013 நவம்பரில், அமெரிக்காவின் தேசிய வலிமை மற்றும் உடல்திறன் சங்கம் வெளியிடும் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கிராஸ்ஃபிட் என்ற கடும் குழுப்பயிற்சி முறையில் பத்து வாரம் பயிற்சி எடுத்தவர்களை அளந்து எழுதியது. முடிவு கிராஸ்ஃபிட்டுக்குச் சாதகமாகவே இருந்தது. உச்ச உழைப்பில் உடல் உள்வாங்கும் ஆக்சிஜனின் அளவு ஆண், பெண் இரு தரப்பிலும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. உடல் கொழுப்பு குறைந்திருந்தது. ஆனால் ஊடகங்களில் நின்றது வேறொரு தகவல். சேர்ந்த 54 பேரில் 11 பேர் கடைசி அளவீட்டுக்கு வரவில்லை. அவர்களில் 9 பேர், அதாவது மொத்தத்தில் 16 சதவீதத்தினர், காயத்தாலோ மிகை உழைப்பாலோ விலகினார்கள் என்று கட்டுரை சொன்னது. அந்த 16 சதவீதம் செய்திக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப மேற்கோளானது.

விலகியவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டபோது கதை மாறியது. அவர்களில் பெரும்பாலோர் காயம் என்று யாரிடமும் சொன்னதே இல்லை. 2014இல் கிராஸ்ஃபிட் நிறுவனம் அந்தச் சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தது. பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் தொழிலில் இரண்டும் போட்டியாளர்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 2015இல் இதழ் திருத்தம் வெளியிட்டது. விலகியவர்களில் இருவர் மட்டுமே உடல்நலக் காரணம் சொன்னவர்கள் என்றது. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழு ஒப்புதல் முறையாகப் பெறப்படவில்லை என்ற காரணத்தால் 2017இல் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. 2019 டிசம்பரில், ஆதாரங்களை அழித்ததற்காகவும் மறைத்ததற்காகவும் சங்கம் ஏறத்தாழ 40 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஒரு சாட்சி பொய் என்று தெரிந்ததால் குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி ஆகிவிட மாட்டார். மற்ற சாட்சியங்களையும் பார்க்க வேண்டும். கடும் குழுப்பயிற்சியின் மேல் மூன்று குற்றச்சாட்டுகள் உண்டு. மூட்டையும் முதுகையும் உடைக்கிறது, தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, இதயத்துக்கு ஆபத்து என்பவை அவை. கிடைக்கும் ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தெளிவாகத் தெரிவது இது: வீரியம் நிறைந்த பயிற்சிக்கு அந்தக் கெட்ட பெயர் பொருந்தாது. பழகாத உடலை முதல் நாளே கூட்டத்தோடும் கடிகாரத்தோடும் போட்டிபோட வைக்கும் வழக்கத்துக்கு அது முழுக்கப் பொருந்தும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால், பயிற்சியால் பயன்பெறக்கூடியவர்கள் பயந்து ஒதுங்குகிறார்கள். எச்சரிக்கை தேவைப்படுகிறவர்கள் எச்சரிக்கையின்றி உள்ளே போகிறார்கள்.

ஐந்து நிமிடக் கணக்கு

கிராஸ்ஃபிட்டைத் தொடங்கியவர் ஜிம்னாஸ்டிக்ஸ் பின்னணி கொண்ட கிரெக் கிளாஸ்மன். 2000இல் லாரன் ஜெனாயுடன் சேர்ந்து நிறுவனத்தைப் பதிவு செய்தார். கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகரில் இருந்த சிறிய பயிற்சிக்கூடம்தான் தொடக்கம். பளு தூக்குதல், ஜிம்னாஸ்டிக்ஸ், ஓட்டம் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கலந்து, குறுகிய நேரத்தில் உச்ச வேகத்தில், ஒரு குழுவாகச் செய்வது அவர் வகுத்த முறை. அன்றன்றைய பயிற்சியை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். உச்சத்தில் இருந்தபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 15,000 கூடங்கள் அந்தப் பெயரில் இயங்கின.

இந்தப் பயிற்சி எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ள, அதில் 'ஃபிரான்' என்று பெயரிட்ட ஒரு தொகுப்பே போதும். மூன்று சுற்றுகள், முதலில் 21 த்ரஸ்டர், 21 புல்-அப், அடுத்து 15, 15, கடைசியில் 9, 9. பார்பெல்லைத் தோளின் முன்பக்கம் தாங்கியபடி பஸ்கி போல முழுதாக உட்கார்ந்து, எழுகிற வேகத்திலேயே பாரத்தைத் தலைக்கு மேலே தள்ளுவதற்கு த்ரஸ்டர் என்று பெயர். ஆண்களுக்கு 43 கிலோ, பெண்களுக்கு 29 கிலோ சொச்சம். எடுத்துக்கொள்ளும் நேரம்தான் மதிப்பெண். கைதேர்ந்தவர்கள் மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். புதியவருக்குப் பத்து நிமிடம் தாண்டியும் முடியாமல் போகலாம்.

முதல் பத்து த்ரஸ்டர் தடையில்லாமல் போகும். பதினைந்தைத் தாண்டும்போது தொடை எரியும், மூச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். பாரத்தைப் போட்டுவிட்டு மேலே உள்ள கம்பியில் தொங்கினால், பார்பெல்லைப் பிடித்து ஏற்கெனவே இறுகிப்போன முன்கை கேட்காது. அப்போது பலரும் 'கிப்பிங்' என்ற உத்திக்கு மாறுவார்கள்: உடம்பை முன்னும் பின்னும் ஊசலாட்டி, அந்த வீச்சில் தாடையைக் கம்பிக்கு மேல் கொண்டுபோவது. பழகியவருக்கு அது சக்தியை மிச்சப்படுத்தும் நல்ல உத்தி. தோள்பட்டைத் தசைகள் இன்னும் வலுப்பெறாதவருக்கோ, ஒவ்வோர் ஊசலின் அடிப்புள்ளியிலும் உடல் எடை முழுவதும் மூட்டின் மேல் ஒரு வெட்டாக விழுகிறது. இரண்டாவது சுற்றில் முதுகு வளையத் தொடங்கும். பக்கத்தில் இருப்பவர் ஒரு சுற்று முன்னால் போயிருப்பார். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

நுணுக்கம் தேவைப்படும் பளுதூக்கும் அசைவுகளைக் களைத்த உடம்போடு, நேரத்துக்கு எதிராகச் செய்வதுதான் இந்த முறையின் கவர்ச்சி. மரபான பளுதூக்கும் பயிற்சியாளர்கள் இதற்கு எதிராகச் சொல்வதும் அதையேதான். உடல் புத்துணர்வோடு இருக்கும்போது குறைந்த எண்ணிக்கையில் செய்ய வேண்டியவை இவை என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

காயங்களை எப்படி எண்ணுவது?

2013இல் வெளியான ஓர் இணையக் கருத்துக்கணிப்பில் கிராஸ்ஃபிட் செய்யும் 132 பேர் பதில் சொன்னார்கள். அவர்களில் 73.5 சதவீதத்தினர் எப்போதாவது ஒருமுறை காயம்பட்டவர்கள். எடுத்த எடுப்பில் அதிர வைக்கும் எண் இது. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது: 1,000 மணி நேரப் பயிற்சிக்கு 3.1 காயம். 2014இல் 386 பேரிடம் நடத்திய ஆய்வில் முந்தைய ஆறு மாதத்தில் காயம்பட்டவர்கள் 19.4 சதவீதத்தினர். பிரிட்டனில் 117 பேரைப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து கவனித்த ஆய்வு, 1,000 மணி நேரத்துக்கு 2.1 காயம் என்றது. 2018இல் 3,049 பேரிடம் திரட்டிய தகவலில் ஓராண்டில் காயம்பட்டவர்கள் 30.5 சதவீதம், மணிக்கணக்கில் பார்த்தால் ஆயிரத்துக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை.

இவற்றை எதனோடு ஒப்பிடுவது? நாம் யாரும் பயப்படாத ஓட்டப்பயிற்சியோடு ஒப்பிடலாம். 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்கு 1,000 மணி நேரத்தில் 17.8 காயங்கள், பொழுதுபோக்காக ஓடிப் பழகியவர்களுக்கு 7.7. ஆய்வுக்கு ஆய்வு 'காயம்' என்பதன் வரையறை மாறுவதால் தசமப் புள்ளி வரை இவற்றைப் பொருத்திப் பார்க்க முடியாது. ஆனாலும் காலைக் கடற்கரையில் ஓடுவதைக் காட்டிலும் இது பல மடங்கு அபாயமானது என்ற பொதுநம்பிக்கைக்கு இந்த எண்களில் இடமே இல்லை. அமெரிக்க ராணுவப் படைப்பிரிவு ஒன்றில் நடத்திய ஆய்வும் 2013இல் வந்தது. இத்தகைய கடும் பயிற்சித் திட்டங்களில் சேர்ந்த வீரர்களிடமும் வழக்கமான உடற்பயிற்சியில் இருந்த வீரர்களிடமும் காயங்கள் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கூடின.

ஆதரவாளர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்தக் கூடாது. மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை, இப்போதும் பயிற்சிக்கு வந்துகொண்டிருப்பவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து வாங்கியவை. மூன்றாவது வாரத்தில் முதுகு பிடித்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டவரிடம் அந்தக் கேள்வித்தாள் போய்ச் சேராது. தாக்குப்பிடித்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தப் பயிற்சியும் பாதுகாப்பாகத்தான் தெரியும். சராசரியைவிட அதற்குள் இருக்கும் பிரிவுகளே முக்கியம். நெதர்லாந்தில் 449 பேரிடம் நடத்திய ஆய்வில், பயிற்சியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்குக் காயத்தின் வாய்ப்பு அதிகமாக இருந்தது. 2014 ஆய்வில், பயிற்சியாளர் அருகிருந்து திருத்தும் இடங்களில் காயம் குறைவாக இருந்தது. ஜிம்னாஸ்டிக்ஸ் அசைவுகளில் தோளும் பளு தூக்குதலில் கீழ்முதுகும் அதிகம் அடிபட்டன. பிரிட்டன் ஆய்வில், முன்பே காயம் இருந்தவர்களுக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. யாருக்கு, எப்போது, யார் மேற்பார்வையில் என்ற மூன்று கேள்விகளுக்கான பதில் சராசரியில் கரைந்து காணாமல் போகிறது.

கட்டங்காப்பி நிறத்தில் ஓர் எச்சரிக்கை

இரண்டாவது குற்றச்சாட்டு ராப்டோமயோலிசிஸ். கிராஸ்ஃபிட் வட்டாரத்தில் சுருக்கமாக 'ராப்டோ'. பாரத்தைத் தூக்கும்போது தசை சுருங்குகிறது. இறக்கும்போது சுருங்கிய நிலையிலேயே இழுபடுகிறது. இப்படி இழுபடுவதுதான் தசைநாரை அதிகம் சேதப்படுத்துவது. கொஞ்சம் சேதமானால் மறுநாள் வலி. ஓய்வில் அது ஆறித் தசை வலுக்கும். அளவு மீறினால் தசைச் செல்களின் உறையே கிழிந்து, உள்ளே இருந்தவை ரத்தத்தில் கொட்டுகின்றன. பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கும். மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துக்கு மாறும். ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி சாதாரணமாக ஓரிரு நூறு அலகுகள் இருக்கும். இந்த நிலையில் பல்லாயிரங்களுக்கு ஏறிவிடும். உடனே மருத்துவமனைக்குப் போய் நரம்பு வழியே திரவம் ஏற்றிக்கொண்டால் பெரும்பாலோர் முழுதாகத் தேறிவிடுவார்கள். தாமதித்தால் டயாலிசிஸ் வரை போகக்கூடும்.

கிராஸ்ஃபிட்டில் இது நடந்திருக்கிறது. மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஆனால் கிராஸ்ஃபிட்டின் தனிச்சொத்து அல்ல. 2011 ஜனவரியில் அயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் 13 பேர் ராப்டோவோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சுமார் மூன்று வாரக் குளிர்கால விடுமுறைக்குப் பிறகு கூடத்துக்குத் திரும்பியவர்களிடம், தாங்கள் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் பாதியை வைத்து நூறு முறை உட்கார்ந்து எழச் சொல்லியிருந்தார்கள். அதற்கும் நேரம் குறிக்கப்பட்டது. அவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்ல, உச்சத் தகுதி கொண்ட விளையாட்டு வீரர்கள். 2017இல் நியூயார்க் மாநில மருத்துவர்கள், இசையோடு குழுவாக மிதிக்கும் 'ஸ்பின்' சைக்கிள் வகுப்புகளால் ராப்டோ வந்தவர்களைப் பற்றி எழுதினார்கள். அதற்கு முன்பு மருத்துவ இலக்கியத்தில் பதிவான 46 பேரைத் தொகுத்துப் பார்த்தபோது, 42 பேருக்கு அது முதல் வகுப்பு. கனத்த பாரம் எதுவும் இல்லை, வெறும் சைக்கிள்தான்.

இதற்கு உடலியங்கியலில் தெளிவான விளக்கம் உண்டு. பழக்கமில்லாத ஒரு வேலையைத் தசை ஒருமுறை மிதமாகச் செய்துவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அதை அவ்வளவு சேதப்படுத்துவதில்லை. முதல் தடவையே பெரும் அளவில் கொடுத்தால் அந்தக் காப்பு உருவாக வழியில்லை. மூச்சும் இதயமும் நல்ல நிலையில் இருந்து, குறிப்பிட்ட தசைக்கு மட்டும் அந்த வேலை புதிதாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். நிறுத்து என்று மூச்சு சொல்லாது, மனம் தள்ளும், தசை முறியும். பல வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பும் பழைய விளையாட்டு வீரர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். வண்டிக்குப் பழக்கும் காளையை முதல் நாளே முழுப்பாரத்தில் யாரும் பூட்டுவதில்லை. வெறும் நுகத்தடியோடு நாலு நாள் நடக்க விடுவார்கள்.

கூட்டத்தின் பலமே கூட்டத்தின் ஆபத்து

1920களில் பெர்லினில் ஓட்டோ கோலர் என்ற உளவியலாளர் ஒரு படகுப்போட்டிக் குழுவினரை வைத்து ஆய்வுகள் செய்தார். தனியாக எடையைத் தூக்கிக்கொண்டே இருக்கச் சொன்னபோது ஒருவர் எவ்வளவு நேரம் தாங்கினார், இன்னொருவரோடு சேர்ந்து தூக்கியபோது எவ்வளவு தாங்கினார் என்று ஒப்பிட்டார். இருவரில் பலம் குறைந்தவர், கூட்டாகச் செய்யும்போது தன் தனி அளவைத் தாண்டினார். தன்னால் மற்றவர் பின்தங்கக் கூடாது என்ற உந்துதலும், தன்னைவிடச் சற்று வலுவானவரோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்வதும் அதற்குக் காரணம். இன்று இதற்குக் கோலர் விளைவு என்று பெயர். பிற்காலச் சோதனைகளும் இதை உறுதிசெய்தன.

குழுப்பயிற்சியின் ஜீவன் இதுதான். தனியாக ஜிம்முக்குப் போகிறவர் மழை வந்தால் படுத்துக்கொள்வார். ஆறு மணி வகுப்பில் பத்துப் பேர் தன்னை எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர் எழுந்து போவார். எந்த உடற்பயிற்சியிலும் மிகக் கடினமான பகுதி தொடர்ந்து செய்வதுதான் என்பதால் இந்தக் கூட்டுறவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கடைசியாக முடிப்பவருக்காக மற்ற எல்லோரும் நின்று கைதட்டும் வழக்கம் கிராஸ்ஃபிட் கூடங்களில் உண்டு. நாற்பது வயதுக்கு மேல் முதன்முறையாக உடம்பை அசைக்க வரும் பெண்ணுக்கு, இளைஞர்கள் கண்ணாடி பார்த்துத் தசை முறுக்கும் ஜிம் கொடுக்காத ஓர் இடத்தை அந்தக் கைதட்டல் கொடுக்கிறது.

அதே கைதட்டல் புதியவரைத் தன் தசை அனுமதிக்கும் எல்லைக்கு அப்பாலும் கொண்டுபோகும். பலம் குறைந்தவர்தான் கூட்டத்தில் அதிகமாகத் தள்ளப்படுகிறார் என்பதே கோலர் கண்டது. கூடத்தில் பலம் குறைந்தவர் யார்? முதல் வாரத்தில் இருப்பவர். தசையின் காப்பு உருவாகாதவரும் அவரே, அசைவு கைவராதவரும் அவரே. குழு உந்துதல் மிக வலுவாக வேலை செய்யும் இடத்திலேயே உடல் மிகப் பலவீனமாக இருக்கிறது. ஓட்டக்காரர் தனியாக ஓடும்போது கால் வலித்தால் நடப்பார், யாரும் பார்ப்பதில்லை. கடும் பயிற்சியின் மற்ற வடிவங்களிலிருந்து குழுப்பயிற்சியை வேறுபடுத்தும் உண்மையான அபாயம் இங்கேதான் இருக்கிறது.

கிராஸ்ஃபிட் தலைமை இதை நன்றாக அறிந்திருந்தது. 2005இலேயே கிளாஸ்மன் தம் இதழில் ராப்டோவைப் பற்றி விரிவாக எழுதி எச்சரித்தார், அது பாராட்டத்தக்கது. ஆனால் அதே இயக்கத்தில் 'ராப்டோ மாமா' என்ற கோமாளி ஒரு சின்னமாக உலவினான்: டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டு, சிறுநீரகம் தரையில் விழுந்து கிடக்க நிற்பவன். வாந்தி எடுக்கும் 'பியூக்கி' என்ற இன்னொரு கோமாளியும் உண்டு. உடல் கொடுக்கும் எச்சரிக்கையை வீரப்பதக்கமாக மாற்றுவது, எச்சரிக்கையே கொடுக்காமல் இருப்பதைவிட மோசம். சிறுநீர் கறுத்துப் போனால் பயப்பட வேண்டியவன் பெருமைப்படப் பழகிவிடுகிறான்.

கட்டமைப்பிலும் கோளாறு இருந்தது. இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து, தேர்வு எழுதி, முதல்நிலைச் சான்றிதழ் பெற்ற ஒருவர் ஆண்டுக் கட்டணம் செலுத்திவிட்டுத் தன் கூடத்தை அந்தப் பெயரில் திறக்க முடிந்தது. தலைமையகம் கூடங்களின் அன்றாட நடைமுறையில் தலையிடவில்லை. தரத்தைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்பது கிளாஸ்மனின் நம்பிக்கை. இதனால் சில கூடங்களில் பத்தாண்டு அனுபவமுள்ள, ஒவ்வொரு புதியவருக்கும் பாரத்தையும் எண்ணிக்கையையும் குறைத்துக் கொடுக்கிற பயிற்சியாளர்கள் கிடைத்தார்கள். சில கூடங்களில் கத்துவதையே பயிற்சி என்று நினைத்தவர்கள் வாய்த்தார்கள். இரண்டுக்கும் வாசலில் ஒரே பெயர்ப்பலகை. 2011இல் அமெரிக்க ராணுவ மருத்துவ அமைப்பும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சுட்டிக்காட்டியதும் இதைத்தான்: தனி ஆளின் தகுதியைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே பயிற்சி, போதிய ஓய்வில்லாத திரும்பச் செய்தல், புதியவருக்குப் பொருந்தாத அளவு. 2020 ஜூனில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை ஒட்டி எழுதிய பதிவுக்காகக் கிளாஸ்மன் பதவி விலகி, நிறுவனத்தையும் விற்றுவிட்டார். கெட்ட பெயரின் ஒரு பகுதி அவர் பேச்சிலிருந்தும் வந்தது. அதற்கும் பயிற்சிக்கும் சம்பந்தமில்லை.

இதயம் என்ன சொல்கிறது?

மூன்றாவது குற்றச்சாட்டுதான் நம்மூரில் அதிகம் கேட்பது. 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் இறந்தபோது, அன்று காலை அவர் உடற்பயிற்சி செய்திருந்தார் என்ற செய்தி பரவியது. பெங்களூரு மருத்துவமனைகளில் இதயப் பரிசோதனைக்குக் கூட்டம் சேர்ந்தது. ஜிம் என்றாலே ஆபத்து என்ற பேச்சு தமிழ்நாட்டு வீடுகளிலும் எழுந்தது. ஒருவரின் மரணத்திலிருந்து ஒரு பழக்கத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. அந்த அச்சத்தில் ஒரு துளி உண்மை உண்டு. அதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

1993இல் அமெரிக்காவில், மாரடைப்பு வந்து பிழைத்த 1,228 பேரிடம் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டறிந்த ஆய்வு வெளிவந்தது. கடும் உழைப்பின்போதும் அதைத் தொடர்ந்த ஒரு மணி நேரத்திலும் மாரடைப்பின் வாய்ப்பு, சும்மா இருக்கும் நேரத்தைவிடச் சராசரியாக ஆறு மடங்கு கூடுகிறது. அந்தச் சராசரியைப் பிரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. வாரத்துக்கு ஒருமுறைகூட உடலை வருத்தி உழைக்காதவர்களுக்கு அது 107 மடங்கு. வாரத்தில் ஐந்து முறையோ அதற்கு மேலோ உழைக்கிறவர்களுக்கு 2.4 மடங்கு மட்டுமே. எந்த ஒரு மணி நேரத்திலும் மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகச் சிறியது என்பதால் 107 மடங்கும் தனி ஆளுக்குச் சிறிய எண்ணாகவே நிற்கும். ஆனால் இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே விஷயம். பழக்கம் ஆபத்தைக் கரைக்கிறது. பழக்கமின்மை அதைப் பெருக்குகிறது.

மேற்பார்வையோடு, படிப்படியாகக் கொடுத்தால் வீரியமான பயிற்சியை நோயுற்ற இதயமும் முதுமையும்கூடத் தாங்குகின்றன. நார்வேயின் இதய மறுவாழ்வு மையங்களில் 4,846 நோயாளிகள் செய்த 1,75,820 மணி நேரப் பயிற்சியை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். மிதப் பயிற்சியின்போது உயிரைப் பறித்த இதய நிறுத்தம் ஒன்று; உழைப்பும் இளைப்பாறலும் மாறி மாறி வரும் கடும் இடைவெளிப் பயிற்சியின்போது உயிர் பிழைத்த இதய நிறுத்தங்கள் இரண்டு. அதே நாட்டின் டிரோன்ஹெய்ம் நகரில் 70 முதல் 77 வயது வரையிலான 1,567 முதியோரை ஐந்தாண்டு பின்தொடர்ந்தார்கள். 2020இல் வந்த முடிவில், கடும் இடைவெளிப் பயிற்சி செய்தவர்களில் இறந்தவர்கள் 3 சதவீதம், மிதப் பயிற்சியில் 5.9 சதவீதம், பொதுவான அறிவுரையை மட்டும் பின்பற்றியவர்களில் 4.7 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இந்த வேறுபாட்டை உறுதியானது என்று சொல்ல முடியாது. ஆகவே கடும் பயிற்சி ஆயுளை நீட்டியது என்று கொண்டாட வேண்டாம். எழுபது வயதிலும் அது கொல்லவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

ஒரு வேறுபாட்டையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். நார்வே முதியவர்கள் நாலு நிமிடம் வேகமாக நடந்தும் ஓடியும் இடையில் இளைப்பாறினார்கள். களைத்த கைகளில் பார்பெல்லைத் தூக்கவில்லை. இடைவெளிப் பயிற்சியின் பெருமையைக் கிராஸ்ஃபிட்டின் கணக்கில் அப்படியே வரவு வைக்கக் கூடாது. ஜப்பானின் இசுமி டபாட்டா 1996இல் வெளியிட்ட, 20 விநாடி உழைப்பு, 10 விநாடி ஓய்வு என்ற புகழ்பெற்ற சோதனையும் சைக்கிளில் நடந்ததுதான். வீரியத்தை உடல் தாங்கும் என்பதற்கு இவை சான்று. அந்த வீரியத்தைச் சிக்கலான அசைவுகளோடு கலக்கும்போது கற்றுக்கொடுப்பவரின் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

நமக்கு ஏன் இது முக்கியம்?

தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் 14,227 பேரிடம் நடத்தி 2014இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, 54.4 சதவீதத்தினர் போதிய உடல் உழைப்பு இல்லாதவர்கள் என்றது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சியோ விளையாட்டோ செய்கிறவர்கள் பத்து சதவீதம்கூட இல்லை. நீரிழிவு பெருகி வரும் சமூகத்தில், கடும் பயிற்சியால் வரக்கூடிய சில காயங்களைக் காட்டி மக்களை நாற்காலிக்கே திருப்பி அனுப்புவது பெரிய தீங்கு. ஆனால் இந்த எண்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம் நகரங்களில் இத்தகைய வகுப்பில் புதிதாகச் சேர்கிறவர் பெரும்பாலும் பல வருடம் உட்கார்ந்தே வேலை பார்த்தவர். 107 மடங்கு என்ற பிரிவில் இருப்பவர் அவர்தான். சென்னையின் வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் உடலின் நீர் வற்றி, ராப்டோவின் ஆபத்தும் வெப்ப மயக்கத்தின் ஆபத்தும் கூடும்.

ஆகவே சேர நினைப்பவர் கேட்க வேண்டியவற்றை அழுத்தமாகச் சொல்கிறேன். புதியவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா, அல்லது முதல் நாளே எல்லோரோடும் கடிகாரத்தின் முன் நிறுத்துகிறார்களா? முதல் நாலு வாரம் பாரத்தையும் எண்ணிக்கையையும் பாதிக்கும் கீழே வைத்து, நேரம் குறிக்காமல் அசைவை மட்டும் சொல்லித்தருகிறார்களா? ஒரு மாஸ்டர் எத்தனை பேரைப் பார்க்கிறார்? முதுகு வளைந்ததும் அவர் நிறுத்தச் சொல்கிறாரா, இன்னும் ரெண்டு என்று கத்துகிறாரா? சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, தற்போது எடுக்கும் மாத்திரைகள் பற்றிச் சேரும்போதே விசாரிக்கிறார்களா? மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தவரைத் திரும்பவும் கீழிருந்து தொடங்க வைக்கிறார்களா? இவற்றுக்கு நேரான பதில் கிடைத்தால் தயங்காமல் சேரலாம். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், கறுத்த சிறுநீர், இயல்புக்கு மீறிய தசை வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கூடம் நடத்துபவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. தங்கள் பயிற்சியின் மேல் நியாயமற்ற பழி விழுகிறது என்று அவர்கள் குறைப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதியைச் சம்பாதிக்க வழி உண்டு. ஒரு சாதாரணப் பதிவேடு போதும்: யார் சேர்ந்தார், எந்த வாரத்தில் வராமல் நின்றார், ஏன் நின்றார், காயம் என்றால் எந்த அசைவில் வந்தது. நின்றுபோனவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை அதை வெளியிட்டால், அடுத்து சேர வருபவர் எதை நம்பிச் சேர்கிறோம் என்று தெரிந்து சேர்வார். பெருமைக்குரிய நேரங்களைச் சுவரில் எழுதிவைக்கும் கூடங்களுக்கு இந்தக் கணக்கையும் எழுதிவைப்பது பெரிய வேலையல்ல.